மருந்து கொடுங்கள், போட்டோ எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதுகிறார்கள். வங்கி, ஆன்லைன் கடை, கடன் ஆப் என்றுதான் பேச்சு ஓடுகிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளிகள் விவரம் எழுதுகிற நோட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் காணோம். டெல்டா கிராமத்தில் இருக்கிற எங்களுக்கு அந்த நோட்டுதான் முதல் கவலை.

எங்கள் பக்கம் நடந்ததையே சொல்கிறேன். காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் தருகிறார்கள். நல்ல திட்டம்தான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் கொடுக்கிற அன்றைக்குப் பின்னால் பெரிய பேனர், முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில் நோயாளிகள், ஒரே பெட்டியின் ஒரு பக்கத்தை நாலு பிரமுகர்கள் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்க, மறுபக்கத்தைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டு ஒரு பெண். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. அந்தப் பெண் நடவு வேலைக்குப் போகிறவர். சம்பா நடவுக்கு ஆள் கிடைக்காமல் அலைகிற நேரத்தில்கூட அதன்பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை. ஒழுங்காக மருந்து எடுத்தால் சில வாரங்களிலேயே பெரும்பாலானவர்களிடமிருந்து நோய் பரவுவது நின்றுவிடும் என்று டாக்டர்கள் சொல்லத்தான் செய்கிறார்கள், ஊர் வாயை மூட உலைமூடிக்கு எங்கே போவது?

சம்மதம் கேட்டோமே என்கிறார்கள். என்ன கேட்டார்களாம்? "பெட்டி வாங்கிக்கிறியாம்மா?" வாங்கிக்கிறேன் என்றார். போட்டோவுக்கும் அதுவே சம்மதம் ஆகிவிட்டது.

இனி சட்டத்துக்கு வருவோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. அப்புறம் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, விதிகள் வர 2025 நவம்பர் ஆயிற்று, முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து இன்னும் 18 மாதம். சரி, வரட்டும். ஆனால் அந்தச் சட்டம் டிஜிட்டலாக இருக்கிற அல்லது பிறகு டிஜிட்டல் ஆக்கப்படுகிற விவரத்துக்கு மட்டும்தான். மேஜை மேல் திறந்து கிடக்கிற நீள நோட்டு, அதில் பெயர், வயது, தெரு, நோய் என்று வரிசையாக எழுதியிருப்பது, ஓ.பி. சீட்டுக்கு நிற்கிறவர் எல்லாம் எட்டிப் பார்ப்பது, இதெல்லாம் அந்தச் சட்டத்தின் கண்ணில் படாது. யாராவது அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்தால்தான் படும்.

விவரத்தைப் பத்திரமாக வைக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று பெரிதாகச் சொல்கிறார்கள். அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று பார்த்தீர்களா? மத்திய அரசின் கஜானாவுக்கு. வேலை போன அந்தப் பெண்ணுக்கு ஒரு ரூபாய் இழப்பீடு தரவும் இந்தச் சட்டத்தில் வழி இல்லை. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீடு கேட்க ஒரு பிரிவு இருந்தது, அதுவும் கம்பெனிகளுக்கு எதிராக மட்டும்தான், அதையும் நீக்க இந்தப் புதிய சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். போதாக்குறைக்கு, பொய்ப் புகார் கொடுத்தால் புகார் கொடுத்தவருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம். இதைக் கேட்டபிறகு எந்தக் கூலிக்காரர் மனு எழுத வருவார்? அரசு மட்டும் மானியம், சேவை, சான்றிதழ் என்று காரணம் சொல்லி, ஏற்கெனவே கைவசம் இருக்கிற விவரத்தைப் புதிதாகச் சம்மதம் கேட்காமலே பயன்படுத்திக்கொள்ளலாம். (தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுப் பாருங்கள், அங்கே மட்டும் 'தனிநபர் விவரம்' என்று திருப்பி அனுப்ப நன்றாகத் தெரிகிறது.)

சில நோய்களுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. எச்.ஐ.வி.க்கும் மனநலத்துக்கும் 2017-ல் வந்த இரண்டு சட்டங்களும் ரகசியம் காக்கச் சொல்கின்றன. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரை வெளியில் சொன்னால் ஓராண்டு வரை சிறை என்று 2021-ல் திருத்தம் கொண்டுவந்தார்கள். எல்லாம் சரிதான். காசநோய்க்காரரும் தொழுநோய்க்காரரும் மட்டும் என்ன பாவம் செய்தார்கள்?

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. கொண்டுவருகிற தன்னார்வலர் மகளிர் குழுவைச் சேர்ந்தவர், பல இடங்களில் அடுத்த தெருக்காரர். நம் ஊர்ப் பெண் என்பதால்தான் கதவைத் திறக்கிறோம். அவர்கள்மேல் எனக்கு வருத்தமே இல்லை, வெயிலில் அவர்கள் நடக்கிற நடையைப் பார்க்கிறவன் நான். ஆனால் அவர்கள் கையில் பூட்டு போட்ட பையா கொடுத்திருக்கிறோம்? எந்த விவரத்தை யாரிடம் சொல்லக்கூடாது என்று உட்காரவைத்து யாராவது சொன்னார்களா? மேலிருந்து "இன்றைய லிஸ்ட்டை குரூப்பில் போடுங்க" என்றால் அவர்கள் போடத்தானே வேண்டும்.

2022-ல் டெல்லி எய்ம்ஸ் சர்வரை ஹேக்கர்கள் முடக்கியது செய்தியாயிற்று, அடுத்த ஆண்டு கோவின் என்ற கொரோனா தடுப்பூசித் தளத்தின் விவரங்கள் டெலிகிராமில் உலாவியதும் செய்தியாயிற்று. நடவுக்காரப் பெண்ணின் போட்டோ செய்தி ஆகாது, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில், அதாவது மாநிலமே சட்டம் போடக்கூடிய பட்டியலில் இருக்கின்றன. 1939-ல் வந்த பொது சுகாதாரச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. தொற்றுநோய் வந்தால் அதிகாரிக்குத் தெரிவி என்று சொல்கிற அந்தச் சட்டத்திலேயே, தெரிந்ததை ஊருக்குச் சொல்லாதே என்றும் ஒரு பிரிவு சேர்த்தால் என்ன? நோட்டும் அதில் அடங்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் கைக்கு இழப்பீடு வர வேண்டும், டெல்லிக்கு எழுதாமல் திருவாரூரிலேயே புகார் கொடுக்க ஓர் இடம் வேண்டும். சட்டத் திருத்தத்துக்கு நாளாகும் என்றால், நோயாளியின் முகம் தெரிகிற படம் எடுக்கக்கூடாது, வாட்ஸ்அப் குழுவில் பெயர்ப் பட்டியல் போடக்கூடாது என்று சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பலாமே. அதற்குச் சட்டசபை கூட வேண்டியதில்லை.

என் பெயரைப் போட வேண்டாம். போட்டால் எந்த ஊர், எந்தப் பெண் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவாரூர் மாவட்டம்