மண்டூருக்கு ஒரு பொட்டலம் விதை

களுவாஞ்சிக்குடி,
தை மாதக் கடைசி.

அன்பின் மச்சாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அனுப்பின இருபது மோர்னிங் குளோரிப் பூங்கொடி விதையில் ஆறுதான் முளைத்தது, அதிலும் மூன்று இரண்டிலைப் பருவத்தில் அழுகிச் சாய்ந்தது, கேற்றடியில் நிற்கிற கொடி மதிலை மூடிப் படர்ந்தும் ஒரு மொட்டுக்கூட இல்லை என்று எழுதியிருந்தாய். மூன்றுக்கும் மூன்று காரணம். விதையில் பழுது இல்லை, உன் கையிலும் பழுது இல்லை.

முதலில் முளைப்பு. இந்த விதையின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. நன்றாக முற்றி, நன்றாகக் காய்ந்த விதைக்குத்தான் தோல் கூட இறுகும். போன வருசத்து நல்ல விதை முளைக்காமல் கிடக்க, கொடியிலிருந்து அரைகுறையாக உதிர்ந்தது தானாக முளைக்கிறதே என்று கேட்டிருந்தாய். அதற்கும் இதுதான் காரணம். இந்தமுறை இப்படிச் செய்து பார். பின்னேரம் விதைகளைச் சாதாரணத் தண்ணீரில் ஊறப் போடு. காலையில் பார்த்தால் சிலது ஊதி இரண்டு மடங்காகியிருக்கும். அவற்றை உடனே நடு. ஊதாமல் கறுத்த கல்லுமாதிரிக் கிடப்பவற்றை மட்டும் எடுத்துத் துடைத்து, நகவெட்டியால் தோலில் ஒரு சின்னக் கீறல் போடு. எங்கே கீறுவது என்பதுதான் முக்கியம். விதையின் ஒல்லியான முனையில் பள்ளமாக ஒரு கண் இருக்கும், வேர் அந்தப் பக்கத்தால்தான் வரும். அங்கே கத்தி படக்கூடாது. வளைந்த முதுகுப் பக்கத்தில், உள்ளே வெளிறின நிறம் தெரிகிற அளவுக்கு மட்டும் கீறிவிட்டு, இன்னும் ஏழெட்டு மணித்தியாலம் ஊற வை. நம்முடைய வெக்கைக்கு ஒரு நாளுக்கு மேல் தண்ணீரில் கிடந்தால் விதை புளித்து நாறிவிடும்.

நடும்போது கண் கீழேயும் முதுகு மேலேயும் இருக்கட்டும். அரை அங்குல ஆழம் போதும். அதைவிட மேலாக நட்டால் மண் தோலைக் கழற்றாது, முளை தொப்பி போட்டமாதிரித் தோலோடு வெளியே வந்து இலை விரியாமல் நிற்கும். அப்படி வந்தால் இழுத்துப் பிடுங்காதே. அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, அரை மணித்தியாலம் கழித்து மெதுவாகத் தள்ளிவிடு. நாலு நாளிலிருந்து ஒரு கிழமைக்குள் முளைக்கும்.

அழுகினதற்கு உன்னுடைய மண்தான் காரணம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உன் வளவு வயல் மண், களி கலந்தது, மாரித் தண்ணீர் இன்னும் வடிந்திராது. வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் எங்களுக்கு நேர்மாறு. வெறும் மணல், ஊற்றுகிற தண்ணீர் நிற்காமல் போய்விடும் என்று தும்புச்சோறும் இலைகுழையும் போட்டு ஈரத்தைப் பிடித்துவைக்க வேண்டியிருக்கு. நீ அரை அடி உயரத்துக்குப் பாத்தியை ஏற்று. ஒரு வாளி உன் மண், ஒரு வாளி ஆற்று மணல், அரை வாளி நன்றாக மக்கின மாட்டெரு என்று கலந்து போடு. மேல்மண் காய்ந்து வெளுக்கும்வரை அடுத்த தண்ணீர் விடாதே. மழை நின்றபாடில்லை என்றால் அடியில் ஓட்டை போட்ட யோகட் கப்பில் முளைக்க வைக்கலாம். ஆனால் இது ஆணிவேர்க் கொடி, வேர் அறுந்தால் கிழமைக்கணக்கில் முழித்துக்கொண்டு நிற்கும். வண்ணத்துப்பூச்சிச் சிறகுமாதிரி விரிகிற இரண்டு வித்திலைக்குப் பிறகு முதலாவது உண்மையான இலை தலைகாட்டும்போதே, மண் உடையாமல் கப்பை வெட்டி எடுத்து நட்டுவிடு. கொடிக்குக் கொடி ஒரு அடி இடைவெளி விடு.

இனி கேற்றடிக் கொடி. கிணற்றடியில் நிற்பது பூக்கிறது, கேற்றடியில் நிற்பது பூக்கவில்லை, இரண்டும் ஒரே விதை என்று எழுதினாய். தெருலைற் கேற்றுக்கு நேர்மேலேதானே நிற்கிறது? அதுதான் காரணம். நான் தந்தது ஜப்பானியர் அசகாஓ என்று வளர்க்கிற வகை, இலை மூன்று பிரிவாக, மயிர் படர்ந்திருக்கும். இந்தச் செடி பூப்பதற்கு இருட்டின் நீளத்தைக் கணக்குப் பார்க்கும். இதில் ‘வயலட்’ என்று ஒரு வகையை வைத்து ஜப்பானில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். வித்திலைப் பருவத்திலேயே 16 மணித்தியால இருட்டை ஒரே ஒரு தடவை கொடுத்தால் போதும், அது மொட்டு வைக்கத் தொடங்கும். அந்த இருட்டின் நடுவில் சில நிமிசம் சிவப்பு வெளிச்சம் காட்டினால் மொட்டு வராது. நம்முடைய பக்கத்தில் வருசம் முழுக்க இரவு ஏறக்குறைய பன்னிரண்டு மணித்தியாலம், அதனால் எந்த மாதம் நட்டாலும் பூக்கும். இருட்டே இல்லாத இடத்தில் மட்டும் இலையாகவே ஓடிக்கொண்டிருக்கும். தெருலைற்றை நீ அணைக்க ஏலாது. கொடியின் நுனிகளை மதிலுக்கு உட்பக்கம், லைற் படாத நிழலுக்கு இழுத்துக் கட்டிவிடு. மூன்று நாலு கிழமை பொறுத்துப் பார்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். வயலுக்கு வாங்கின யூரியாவில் ஒரு பிடி இதற்கும் போட்டாயோ? போட்டிருந்தால் நிறுத்து. தழைச்சத்து கூடினால் இலை உள்ளங்கை அளவாக விரியும், பூ குறையும். நடும்போது போட்ட மாட்டெருவே போதும். பிறகு வேண்டுமானால் அடுப்புச் சாம்பல் மாதம் ஒரு கைப்பிடி, தண்டில் படாமல் சுற்றித் தூவு.

கயிற்றில் ஏற்றும்போது நீ சுற்றிவிடுகிற கொடி அடுத்த நாள் அவிழ்ந்து தொங்குவது ஏனென்றால், நீ மாறிச் சுற்றுகிறாய். மேலிருந்து பார்த்தால் இந்தக் கொடி இடஞ்சுழியாகத்தான், கடிகார முள்ளுக்கு எதிராகத்தான் சுற்றும். தும்புக் கயிறு நல்லது, வழுக்காது. ஆறாவது ஏழாவது இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை நாலைந்து வரும்.

விதை எடுக்கிறதைப் பற்றி நீ ஒரு வரிதான் கேட்டாய், ஆனால் அதைத்தான் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் உன்னிடமிருந்து நாலு வீட்டுக்குப் போகப்போகிற விதை அது. மாரியில் காய்க்கிற காய் கொடியிலேயே பூஞ்சணம் பிடித்து அழுகும், இல்லையென்றால் தோட்டுக்குள்ளேயே முளைத்துவிடும். அதனால் விதைக்கென்று நடுவதை மாசி பிறந்ததும் நடு. பங்குனியில் பூக்கும். பூ வாடி ஐந்தாறு கிழமையில் காய் முற்றும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்குவதற்கு முதல் பெரும்பகுதி விதை கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் காய்ந்த தோடு ஒரே நாளில் வெடித்து விதை மண்ணில் கொட்டிவிடும். அந்தக் காற்றில் இலைக்கு அடியில் செஞ்சிலந்திப் பேனும் பெருகும். இலை மஞ்சள் புள்ளி புள்ளியாக வெளிறினால் இலைக்கு அடியில் தண்ணீரை விசிறியடி.

காய் மண்ணிறமாகி, கடுதாசிமாதிரிச் சரசரத்து, காம்பும் காய்ந்த பிறகு கிள்ளு. உள்ளே மூன்று அறை, கூடினால் ஆறு விதை. மழை வருகிற அறிகுறி தெரிந்தால், நிறம் மாறத் தொடங்கின காய்களைக் கொடியோடு வெட்டி வீட்டுக்குள் நிழலில் தொங்கப் போடு, மிச்சத்தை அங்கேயே முற்றிக்கொள்ளும். உடைத்த விதையைச் சுளகில் பரப்பி நிழலில் பத்து நாள் காய வை. வெயிலில் வேண்டாம். காய்ந்ததா என்று பார்க்க ஒன்றைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டு. நொறுங்கினால் காய்ந்தது, நசுங்கினால் இன்னும் ஈரம். பிறகு கடுதாசி உறையில் போட்டு, இறுக்கமான மூடியுள்ள போத்தலில், அடியில் ஒரு கைப்பிடி வறுத்து ஆறின அரிசியோடு வை. அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதென்றால், வெளியே எடுத்தவுடன் மூடியைத் திறக்காதே, போத்தலின் குளிர் முழுதாக விட்ட பிறகு திற. இல்லாவிட்டால் விதையில் தண்ணீர் பூத்துவிடும்.

நிறத்தைப் பற்றி. அசகாஓ பெரும்பாலும் தன்னிலேயே கருக்கட்டும். விடியப்புறம் பூ விரிவதற்கு முந்தின சில மணித்தியாலத்தில் ஐந்து கேசரமும் நீண்டு சூல்முடியை உரசிக்கொண்டு மேலே போகும், தேனீ வருவதற்கு முதலே வேலை முடிந்துவிடும். அதனால் நீலத்தின் விதை அனேகமாக நீலமாகத்தான் வரும். முழு உறுதி வேண்டுமென்றால் முதல் நாள் பின்னேரம், குடைமாதிரி முறுக்கி நிற்கிற மொட்டின் நுனியில் மெல்லிய நூலைக் கட்டிவிடு, விரியாமல் உள்ளேயே கருக்கட்டும். நூலைக் காம்புக்கு இறக்கி விட்டுவை, காய் முற்றும்போது எது எதுவென்று தெரியும். இலை பிரியாமல் இதய வடிவில் இருந்து, ஊதாவும் இளஞ்சிவப்பும் பூக்கிற இன்னொரு வகை இருக்கிறதே, அது தேனீயால் கலக்கும், அதை நம்பி நிறம் எழுதிக் கொடுக்காதே. வெள்ளையில் நீலப் புள்ளி தெறித்த உன் கொடியின் விதையில் முழு நீலம் ஒன்று வந்ததற்குக் கலப்பு காரணமாக இருக்கத் தேவையில்லை. அந்தப் புள்ளியே மரபணுவுக்குள் புகுந்த ஒரு துண்டு இடம் பெயர்வதால் வருவது. அது முழுதாக வெளியேறின விதை பழைய நிறத்துக்குத் திரும்பும்.

கொடுக்கிற உறையில் பன்னிரண்டு விதைக்கு மேல் வேண்டாம், ஆனால் மேலே மூன்று விசயம் எழுது: நிறம், எடுத்த மாதமும் வருசமும், எந்த ஊர் மண். கொடுக்க முதல் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி ஒரு கிழமை வைத்துப் பார். ஏழுக்குக் குறைவாக முளைத்தால் கொடுக்காதே. இன்னொரு வரியும் கட்டாயம் எழுது: சாப்பிடக்கூடாது. அசகாஓ விதை வயிற்றைக் கடுமையாக ஓட்டும், வான்நீலப் பூ வகையின் விதையில் மூளையைக் கலக்குகிற நஞ்சு இருக்கு. சின்னப்பிள்ளைகள் மிளகு என்று நினைத்து வாயில் போடும். வள்ளல்கீரையும் இதே குடும்பம் என்பதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நடாதே, கிள்ளும்போது கை மாறும். வத்தாளை (சர்க்கரைவள்ளிக் கிழங்கு) பாத்திக்கும் கிட்ட வேண்டாம், கிழங்கைத் துளைக்கிற கூன்வண்டு இந்தக் கொடியிலும் இருந்து பெருகும்.

கனடாவிலிருந்து உன் மகள் கடித உறைக்குள் விதை வைத்து அனுப்பப்போகிறாள் என்றாய். வேண்டாம் என்று சொல். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, அனுமதி எடுக்காமல் வெளிநாட்டு விதையைக் கொண்டுவர ஏலாது. புது நோயோ புது வண்டோ வந்தால் முதலில் அழிவது நம்முடைய வத்தாளையும் வள்ளலும்தான்.

இத்தோடு இரண்டு உறை அனுப்புகிறேன்: வெள்ளைக் கரை போட்ட நீலம் பன்னிரண்டு, வான்நீலம் பத்து. வான்நீலத்தின் மொட்டு செவ்வூதாவாக இருந்து, விரியும்போது நீலமாவதைக் கட்டாயம் விடிய எழும்பிப் பார். இதழின் கலங்களுக்குள்ளே அமில-கார அளவான பிஎச் 6.6இலிருந்து 7.7க்கு ஏறுவதால் வருகிற மாற்றம் அது. குருமண்வெளித் துறையில் வாவி கடக்கிற பாதையில் (மிதவைப் படகில்) ஏறி வருகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறேன், நனையாமல் பொலித்தீனில் சுற்றியிருக்கு. கைக்கு வந்ததும் பொலித்தீனைக் கழற்றிவிடு, உள்ளே வேர்க்கும்.

திரும்ப வருகிற ஆளிடம் உன் கிணற்றடி வெள்ளையில் பத்து விதை தந்துவிடு. புள்ளி இல்லாத பூவில் நூல் கட்டினதாகப் பார்த்து.

அன்புடன்,
உன் மச்சாள்