பர்ஸ் பேட்டர்னில் விடுபட்ட கால் அங்குலம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கைவினைப் பக்கத்தில் வந்த ஜிப் வைத்த சின்னப் பர்ஸின் பேட்டர்னைப் பார்த்து, நானும் என் அண்ணன் மகளும் ஆளுக்கு ஒன்று தைத்தோம். அவளுக்கு 12 வயது. அவள் கையால் தைத்தாள், நான் மெஷினில் தைத்தேன். படம் பளிச்சென்று இருந்தது, செய்முறையும் சுலபமாகப் புரிந்தது. ஆனால் முக்கியமான ஒன்று அதில் விட்டுப்போயிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அகலம் 4 அங்குலம், உயரம் 3 அங்குலம் என்று போட்டிருந்தீர்கள். அது துணியை வெட்டுகிற அளவா, தைத்து முடித்த பிறகு வருகிற அளவா? எங்கேயும் சொல்லவில்லை. தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும் என்று செய்முறையின் நடுவில் ஒரு வரி வருகிறது. அந்தக் கால் அங்குலம் இந்த 4-க்குள் அடங்கியதா, வெளியே கூட்டிக்கொள்ள வேண்டியதா? தையல் தெரிந்தவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள், இல்லாவிட்டால் தாங்களே கூட்டிக்கொள்வார்கள். புதிதாகக் கற்கிற பிள்ளை, போட்டிருக்கும் அளவை அப்படியே வெட்டும். அவளும் அப்படித்தான் வெட்டினாள். அவளைப் பார்த்து நானும் அதே பேப்பர் கட்டிங்கை வைத்து வெட்டிவிட்டேன்.

பெரிய பை என்றால் இது ஒரு பொருட்டே இல்லை. 16 அங்குலப் பையில் இரு பக்கமும் கால் கால் அங்குலம் தையலுக்குள் போனால் முப்பத்திரண்டில் ஒரு பங்கு குறையும், கண்ணுக்கே தெரியாது. 4 அங்குலப் பர்ஸில் அதே அரை அங்குலம் எட்டில் ஒரு பங்கு. மிஞ்சுவது மூன்றரை அங்குலம், அதாவது 89 மி.மீ. வங்கி அட்டையின் நீளம் உலகம் முழுக்க ஒரே அளவுதான், 85.6 மி.மீ. கணக்குப்படி நுழைய வேண்டும். ஆனால் உள்ளே மடிந்து கிடக்கும் துணி, லைனிங், இஸ்திரி போட்டு ஒட்டிய கேன்வாஸ் எல்லாம் அந்த மூன்று மி.மீட்டரைத் தின்றுவிடுகின்றன. அட்டையின் ஒரு மூலை உள்ளே போனால் மறுமூலை ஜிப்பின் ரன்னரில் இடித்து நின்றது. அவள் நாலைந்து முறை திருப்பித் திருப்பி நுழைத்துப் பார்த்தாள்.

என் பர்ஸின் கதை வேறு. 4 அங்குல ஜிப் வைக்கச் சொல்லியிருந்தீர்கள், நான் உலோகப் பல் வைத்ததை எடுத்தேன். பக்கத் தையல் கால் அங்குலம் உள்ளே ஓடியதால் நேராக அந்தப் பற்களின் மேலேயே போனது. ஊசி முறிந்தது. உடைந்த நுனியைத் தேடி எடுக்கும் வரை அவளைப் பக்கத்திலேயே வரவிடவில்லை.

ஊசி போனால் போகட்டும். ‘எனக்குக் கை வரல அத்தை’ என்று அவள் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் போட்ட கெட்டித் தையலை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று பிசகாமல், மூலையில் கூட நூல் தளராமல், கோடு போட்ட மாதிரி இருந்தது. அதை ஊசி நுனியால் ஒவ்வொன்றாக நெம்பிப் பிரித்துக்கொண்டிருந்தாள். தப்பு அவள் கையில் இல்லை, அளவில் இருக்கிறது என்று புரியவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. பக்கத்தில் சொல்ல ஆளில்லாத பிள்ளைகள் என்ன செய்யும்? துணியைச் சுருட்டி மூலையில் வைத்துவிடும்.

இதழின் பக்கத்தில் இடம் போதாது என்று சொல்ல மாட்டீர்கள் என நம்புகிறேன். உள்ளங்கை அளவுப் பர்ஸ் அது. முழு அளவிலேயே அச்சிடலாம். வெட்டுவதற்கு ஒரு முழுக்கோடு, அதற்குள் தைப்பதற்கு ஒரு புள்ளிக்கோடு போட்டால் போதும். ஓரத்தில் சரியாக 1 அங்குலச் சதுரம் ஒன்றும் இருக்கட்டும். நகல் எடுக்கும்போதும் போனில் படம் பிடித்து அச்செடுக்கும்போதும் அளவு சுருங்கிவிடுகிறது, அந்தச் சதுரத்தின் மேல் ஸ்கேலை வைத்தால் உடனே தெரிந்துவிடும். ஜிப்பும் நைலான் ஜிப் என்றே குறிப்பிடுங்கள். கொஞ்சம் நீளமாக எடுத்து, ஊசி முறியாமல் நைலான் பல்லின் மேலேயே தைத்து, மிச்சத்தை வெட்டிவிடலாம். அப்புறம், சுற்றித் தைப்பதற்கு முன் ரன்னரைப் பாதி திறந்து வைக்கச் சொல்லவும் மறந்திருக்கிறீர்கள். மூடியே தைத்துவிட்டால் பர்ஸை நல்ல பக்கம் திருப்ப முடியாது.

இரண்டாவது முறை நாலரைக்கு மூன்றரை என்று வெட்டினோம். அட்டை சிக்காமல் போய் வருகிறது, மடித்த நோட்டுக்கும் இடம் இருக்கிறது. பேப்பர் கட்டிங்கின் மேல் ‘தையலோடு சேர்த்து’ என்று பென்சிலால் எழுதி, உங்கள் இதழுக்குள்ளேயே செருகி வைத்திருக்கிறாள். அடுத்த பேட்டர்னில் அதை நீங்களே அச்சிட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கைவினைப் பக்கத்தைத் தவறாமல் படிக்கும் வாசகி