போத்தலுக்கு ஒரு விலை வையுங்கள்: திருகோணமலை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், கோட்டைக்குள் மான்கள் குப்பை கிளறுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குழம்பு ஒட்டிய ஷொப்பிங் பையை மான் மென்று விழுங்கும்; சுற்றுலா வந்தவர்கள் படம் எடுப்பார்கள்.

சட்டம் இல்லாமலில்லை. கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்த 2017 இலேயே, சோறு சுற்றும் லஞ்ச் ஷீட்டுக்குத் தடை வந்தது. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, இடியப்பத் தட்டு வரைக்கும் போனது. நல்லது. ஆனால் இவையெல்லாம் ‘விற்காதே’ என்பதோடு நின்றுவிடுகின்றன. விற்றதைத் திருப்பி எடுப்பது யார்?

தண்ணீர்ப் போத்தலைப் பாருங்கள். கண்ணாடிச் சோடாப் போத்தலைக் கடையில் கொடுத்தால் கட்டிய காசு திரும்ப வரும். அதை டச்சுக்குடாக் கரையில் யாராவது விட்டுப்போனாலும், ஒரு பொடியன் பொறுக்கிக்கொண்டு போய் டொபி வாங்கிவிடுவான். பிளாஸ்டிக் போத்தலுக்கு அந்த மதிப்பு இல்லை. பழைய சாமான் வாங்குகிறவருக்கும் அது தொல்லைதான்: லொறி நிறைய ஏற்றினாலும் நிறை வராது, கொழும்புப் பக்கம் கொண்டுபோக டீசல் காசுகூடத் தேறாது.

ஜேர்மனியில் 2003 முதல் இப்படிப்பட்ட பிளாஸ்டிக் போத்தலுக்கு வைப்புப் பணம் கட்டாயம்: வாங்கும்போது கட்டுகிற காசு, வெறும் போத்தலைக் கொடுத்தால் திரும்ப வரும். தமிழ்நாட்டின் நீலகிரியில் வெறும் மதுப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய். ஜேர்மனியில் அதைச் செய்தது சட்டம், நீலகிரியில் நீதிமன்றம். இரண்டு இடத்திலும் விற்கிறவர்கள் தாங்களாக மனமிரங்கிக் கொடுத்ததில்லை.

உள்ளூராட்சி மன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிடாதீர்கள். உக்கும் குப்பையையும் உக்காததையும் பிரித்து ஏற்றுவது அவர்கள் வேலை, சரி. நாடு முழுக்க விற்கிற கம்பனியை அவர்களால் கட்டுப்படுத்த முடியுமா? மாகாண சபை நியதிச்சட்டம் இயற்றலாமே என்றால், கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரோடு முடிந்தது. பிறகு ஆண்டுக்கணக்காகத் தேர்தலே இல்லை. ஆக, உங்களிடம்தான் வரவேண்டியிருக்கிறது.

1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தைத் திருத்துவீர்களோ, புதிதாக ஒன்று கொண்டுவருவீர்களோ, வைப்புப் பணத்தோடு இன்னொன்றையும் அதில் எழுதுங்கள்: போத்தலை எங்கிருந்து ஏற்றினாலும் அந்த ஏற்றுகூலி உற்பத்தியாளருடையது. இல்லாவிட்டால் கொழும்பிலும் கம்பஹாவிலும் சேர்த்துக் கணக்குக் காட்டிவிடுவார்கள். நிலாவெளிப் போத்தலைத் தேடி ஒருவரும் வரமாட்டார்கள். வரைவு எழுதும்போது நிபுணர்களோடு மட்டும் பேசாமல், இங்கே பழைய சாமான் வாங்குகிறவர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். கிலோவுக்கு என்ன கொடுத்தால் கட்டும் என்று அவர்கள் சொல்வார்கள்.

இப்படிக்கு,
திருகோணமலை வாக்காளர் ஒருவர்