துரத்திவிட்டுத் தேடும் தண்ணீர்

வட்டக்கச்சி,
மாசி மாதம்.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அரிவுவெட்டு நேரம், உடனே பதில் எழுத முடியவில்லை. இவர் வயலோடு நின்றார், நான் நெல் காயப்போடுவதோடு நின்றேன். மூத்தவன் வவுனியாவிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்து உதவிவிட்டுப் போனான். சின்னவள் சோதனைக்குப் படிக்கிறாள். அம்மாவுக்கு முழங்கால் நோ கூடிவிட்டது, ஆனாலும் விடிய எழும்பி முற்றம் கூட்டாமல் இருக்கமாட்டா. உன் மாமியின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததென்று வாசித்தபோது பெரிய ஆறுதல்.

அந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "பொலித்தீன் எரிக்கக்கூடாதென்று சனத்துக்குத் தெரியும். தண்ணீரை வீணாக்கக்கூடாதென்றும் தெரியும். இத்தனை விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தும் ஏன் மாறுகிறார்கள் இல்லை?" நெல்லுக்குக் காவலிருந்த இரவுகளில் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். சனத்துக்குத் தெரியும்தான், ஆனால் துண்டுதுண்டாகத் தெரியும். ஒன்று போய் எதைத் தொடுகிறது, அது திரும்பிவந்து எங்களை எங்கே தொடுகிறது என்று ஆறுதலாக இருந்து பார்க்கும் சந்தர்ப்பத்தை நாங்கள் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. சொன்னோம், கையெழுத்து வாங்கினோம், தேத்தண்ணி கொடுத்து அனுப்பினோம்.

2022ஆம் ஆண்டை நினைத்துப் பார். பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்குப் போனது. இங்கே எல்லோரும் சைக்கிளில் ஏறினோம். இவர் பரந்தனுக்கும் கிளிநொச்சிக்கும் சைக்கிளில்தான் போய்வந்தார். றோட்டில் புகை இல்லை, சத்தம் இல்லை. இனி இந்தச் சனம் சைக்கிளை விடாது என்று நான் மனதார நம்பினேன். பெற்றோல் ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கிய சில மாதத்திலேயே சைக்கிள்கள் சுவரில் சாய்ந்துவிட்டன. அதைச் சனத்தின் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மணல் டிப்பர்கள் ஓடும் றோட்டில் சைக்கிளுக்கென்று ஓரம் இல்லை. ரியூசன் வகுப்பு மூன்று கட்டை தள்ளி இருக்கிறது, முடிய இருட்டிவிடும். பெண்பிள்ளையைத் தனியே சைக்கிளில் எப்படி அனுப்புவது? பெற்றோல் ஒன்றுதான் இல்லாமல் போனது. றோட்டும் வகுப்பு நேரமும் பயமும் இருந்தபடியே இருந்தன. அதனால் பெற்றோல் வந்ததும் எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பின.

அதற்கு முந்திய ஆண்டு நடந்ததை நீயும் மறந்திருக்க மாட்டாய். 2021 ஏப்ரலில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை என்று அறிவித்தார்கள், மே மாதம் வர்த்தமானி வந்தது, நவம்பரில் தடையை எடுத்தார்கள். அந்தப் பெரும்போகத்தில் எங்கள் பயிர் மஞ்சளடித்து நின்றதைப் பார்த்து இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நஞ்சில்லாத சோறு சாப்பிடவேண்டும் என்ற எண்ணத்தில் ஒரு பிழையும் இல்லை, நானும் அதைத்தான் விரும்புகிறேன். ஆனால் யூரியாவை மட்டும் தனியே பிடுங்க முடியாது. நாங்கள் போடும் நெல்லினம் யூரியாவை நம்பி உருவாக்கப்பட்டது. வெட்டு இயந்திரம் வந்தபிறகு வைக்கோல் வயலிலேயே சிதறிக் கிடக்கிறது, அதை எரிக்கிறோம். வைக்கோல் போர் இல்லை, மேய்ச்சல் தரவையும் குறைந்துவிட்டது, அதனால் மாடு குறைந்தது. மாடு குறைய எரு குறைந்தது. எரு குறைய யூரியா கூடியது. யூரியாவுக்குக் கடன், கடனைக் கட்ட அடுத்த போகத்தில் இன்னும் கூடிய விளைச்சல் வேண்டும். இந்த வளையத்தில் ஒரு முனையை மட்டும் ஒரே நாளில் வெட்டினால் பாரம் முழுவதும் கமக்காரனின் தலையில் வந்து விழும். அப்படித்தான் விழுந்தது.

இந்தோனேசியாவில் இதே மாதிரியான ஒரு சிக்கல் வேறு விதமாக அவிழ்ந்தது. அங்கே நெல்லில் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சி பெருகி வயல் வயலாகக் கருகியது. அரசாங்கம் மானியம் கொடுத்து மருந்தடிக்கச் சொன்னது. அடித்த மருந்தில் முதலில் செத்தவை அறக்கொட்டியைத் தின்னும் சிலந்திகள். அறக்கொட்டியின் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருந்தது, பொரித்து வந்தபோது வயலில் அதற்கு எதிரி யாரும் இல்லை. மருந்து கூடக் கூடப் பூச்சியும் கூடியது. 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடைசெய்தார்கள். இதுவும் தடைதான். ஆனால் அதோடு நிற்கவில்லை. மருந்து மானியத்தை ஒரேயடியாக அல்லாமல் 1989 வரை படிப்படியாகக் குறைத்தார்கள். அந்த ஆண்டில் வயல் பள்ளிக்கூடங்களையும் தொடங்கினார்கள். ஒரு போகம் முழுவதும் வாரத்துக்கு ஒருநாள், இருபத்தைந்து பேரளவில் வயலில் கூடுவார்கள். காலையில் வரம்பில் இறங்கிப் பூச்சிகளை எண்ணுவார்கள். பிறகு பெரிய தாளில் நெற்பயிரை வரைந்து, ஒரு பக்கம் பயிரைத் தின்பவை, மறுபக்கம் அவற்றைத் தின்பவை, தண்ணீர் எவ்வளவு, வெயில் எப்படி என்று எல்லாவற்றையும் குறிப்பார்கள். அந்தப் படத்தை நடுவில் வைத்துக்கொண்டுதான் இந்த வாரம் மருந்து வேண்டுமா வேண்டாமா என்று தாங்களே முடிவெடுப்பார்கள். பத்தாண்டுக்குள் ஏறக்குறைய பத்து லட்சம் விவசாயிகள் இப்படிப் படித்தார்கள். மருந்தடிப்பு குறைந்தது, விளைச்சல் விழவில்லை.

என்னைப் பிடித்துக்கொண்டது அந்தப் படம்தான். நாங்களும் வரைந்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் போன புரட்டாதியில் அதைச் செய்தோம். கிணறுகள் வற்றி எல்லோரும் கோபத்தில் இருந்த நேரம். குழாய்க்கிணறு அடித்த வீட்டுக்காரர்தான் காரணம் என்று ஒழுங்கை முழுவதும் பேச்சு. பொதுநோக்கு மண்டபத்து நிலத்தில் சோக்கால் ஒரு கிணற்றை வரைந்தேன். இதற்குள் தண்ணீர் எந்த வழியால் வருகிறது, எந்த வழியால் போகிறது என்று மட்டும் கேட்டேன். முதலில் போகும் வழிதான் வந்தது: குழாய்க்கிணறு, மோட்டர், மேலே வைத்த தாங்கி நிரம்பி வழிவது. வரும் வழி என்று கேட்டதும் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அப்புறம் ஒருத்தி, "முந்தி வாய்க்கால் மண் வாய்க்கால், தண்ணி விட்டால் ரெண்டு நாளில கிணறு ஏறும்" என்றாள். அதைக் கேட்டு எனக்கே மெய்சிலிர்த்தது. வாய்க்காலைச் சீமெந்தால் கட்டியபோது நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். கடைமடை வயலுக்குத் தண்ணீர் வீணாகாமல் போகிறது என்பதும் உண்மை. அந்த "வீண்" என்று சொன்ன கசிவுதான் எங்கள் கிணற்றுக்கு ஊற்றாக இருந்திருக்கிறது. குற்றவாளி என்று ஒருவரைக் காட்ட முடியாத படம் அது.

பிறகு கோடுகள் தானாக வந்தன. முற்றத்துக்குச் சீமெந்து போட்டோம், மழைத்தண்ணீர் றோட்டுக்கு ஓடுகிறது. றோட்டை உயர்த்தினார்கள், பக்கத்துக் கானால் ஓடிக் கடைசியில் கடலுக்குப் போகிறது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் இதே ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர் நின்றது, இதே ஒழுங்கைக்குத்தான் ஆவணியில் தண்ணீர் பவுசர் வருகிறது. மூலையில் இருந்த ஆச்சி ஒருவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அப்ப மூண்டு மாசம் தண்ணியைத் துரத்திறம், பிறகு மூண்டு மாசம் அதைத் தேடுறம்." மண்டபம் அமைதியாகிவிட்டது. நான் ஒரு நாள் முழுக்கப் பேசியிருந்தாலும் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

சின்னவளைக் கொண்டு ஒரு கணக்கும் போடுவித்தேன். வீட்டுத்திட்ட வீட்டின் கூரை 50 சதுர மீற்றர் அளவில் வரும். எங்கள் பக்கத்து மழை ஆண்டுக்கு 1,250 மில்லிமீற்றர் என்று வைத்தால், ஒரு கூரையில் மட்டும் 60,000 லீற்றருக்கு மேல் விழுகிறது. அந்த எண்ணைக் கேட்டபிறகு "மழைநீரைச் சேமியுங்கள்" என்று எவரும் சொல்லத் தேவைப்படவில்லை. மழைக்கு முன்பே மூன்று வீட்டில் பீலி போட்டு, கிணற்றிலிருந்து கொஞ்சம் தள்ளிக் குழி வெட்டி, கல்லும் மணலும் நிரப்பி அதற்குள் தண்ணீரை விட்டார்கள். தண்ணீர் மேலே தேங்காததால் நுளம்புப் பயமும் இல்லை. இன்னொருத்தி முற்றத்துக்கென்று வாங்கிய சீமெந்தை மாட்டுக்கொட்டிலுக்குப் போட்டுவிட்டாள். தாங்கி வழியாமல் இருக்கச் சங்கத்தால் மிதவை வால்வுகள் ஒன்றாக வாங்கினோம். குழாய்க்கிணற்று வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை திரும்பவும் தொடங்கியிருக்கிறது, எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிது. கிணறு ஏறியதா என்று நீ கேட்பாய். மூன்று குழியால் ஒரு ஒழுங்கையின் நிலத்தடி நீர் ஏறாது. இதன் பலன் தெரிய இரண்டு மூன்று மாரியாவது போகவேண்டும். அந்தத் தாமதத்தையும் படத்தில் ஒரு ஓரத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறோம், பொறுமை போகும்போது பார்ப்பதற்கு.

இப்படி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதைத்தான் படித்த ஆட்கள் முறைமைச் சிந்தனை என்கிறார்கள். வரவு, செலவு, இருப்பு என்பதை விளக்கக் குளியல் தொட்டியை உதாரணம் காட்டுவார்கள். எங்களுக்குத் தொட்டி எதற்கு, இரணைமடுக் குளம் இருக்கிறதே. இன்னும் சில வாரத்தில் சிறுபோகக் கூட்டம். குளத்தில் எத்தனை அடி நிற்கிறது, எத்தனை ஏக்கருக்குப் போதும், யாருக்கு எவ்வளவு பங்கு என்று அங்கே பேசும் கமக்காரர்களைக் கேட்டுப் பார். பத்தாம் வகுப்புத் தாண்டாதவர்கூட இன்று தலைமடையில் கூடத் திறந்தால் ஆடியில் கடைமடையில் என்ன நடக்கும் என்பதை விரல்விட்டுச் சொல்வார். எலினோர் ஒஸ்ரம் 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண். நேபாளத்தில் விவசாயிகள் தாங்களே நடத்தும் வாய்க்கால்கள் பல, அரசாங்கம் கட்டி நடத்துபவற்றைவிட நன்றாக ஓடுவதை அவரும் அவரோடு ஆராய்ந்தவர்களும் காட்டினார்கள். எனக்கு அது புதுமையாகத் தெரியவில்லை. குளம் என்றால் முழுவதையும் பார்க்கத் தெரிந்த அதே மனிதர், வீட்டுக்கு வந்ததும் மோட்டரைத் தனியாக, குப்பையைத் தனியாக, கடனைத் தனியாகப் பார்க்கிறார். குளத்துக்குக் கூட்டம் இருக்கிறது. கிணற்றுக்கு அப்படி ஒரு கூட்டம் இல்லை. வித்தியாசம் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

உன் பொலித்தீனுக்கும் இதையே செய்து பார். எரிக்காதே என்று சொல்லாமல், கடையிலிருந்து வந்த ஒரு பை உங்கள் வீட்டில் எந்த எந்தக் கைக்குப் போகிறது, கடைசியில் எங்கே நிற்கிறது என்று அவர்களையே வரையச் சொல். எங்கள் ஒழுங்கைக்குக் குப்பை வண்டி வருவதில்லை. கொடுக்க இடமில்லாதவரிடம் எரிக்காதே என்றால் அவர் என்ன செய்வார்? படத்தில் அந்த ஓட்டை தெரிந்தால், உன் சனம் உன்னோடு சேர்ந்து வண்டியைக் கேட்கப் போகும். வரைந்த படத்தைக் கட்டாயம் எனக்கு அனுப்பு.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருவதாகப் போன வருடமும் சொன்னாய். இம்முறை சாட்டுச் சொல்லாதே. இரண்டு நாள் முன்னதாக வந்து இங்கே நில், சங்கத்துப் பெண்கள் உன்னைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள். அம்மா ஒடியல் காயப்போட்டிருக்கிறா. நன்றாகக் காய்ந்ததும் மட்டக்களப்பு பஸ்ஸில் ஒரு பார்சல் கொடுத்துவிடுகிறேன், உன் மாமிக்கும் சேர்த்து.

என்றும் அன்புடன்,
உன் தோழி