புள்ளி வைத்த இடத்தில் துளை

அன்பு மகன் செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அதோடு ஒரு அட்டைப்பெட்டியும் வந்திருக்கும். சித்தி பெர்த்துக்கு வரும்போது கையிலேயே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பெட்டிக்குள் இருப்பது மரச்சாமான் என்று விமானத்தில் கொடுக்கும் அட்டையில் மறக்காமல் குறிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன். ஆஸ்திரேலியாவில் மரம் என்றால் பட்டை இருக்கிறதா, பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதில் இரண்டும் இல்லை. அவர்கள் பிரித்துப் பார்த்தாலும் பயமில்லை, நன்றாகப் பார்க்கட்டும்.

பெட்டியில் இருப்பது பாப்பாவுக்கு ஒரு விடிவிளக்கு. அதன் கூண்டை நானே அறுத்துச் செய்தேன்.

ஜூன் மாதம் நீ போனில் சொன்னாயே, அங்கே குளிர்காலத்தில் ஐந்தே காலுக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, விளக்கை அணைத்தால் பாப்பா அழுகிறாள் என்று. இங்கே சிங்கப்பூரில் வருஷம் முழுவதும் ஏழு மணிக்குத்தான் பொழுது சாய்கிறது. அவள் இங்கே இருந்த எட்டு மாதத்தில் அத்தனை நீளமான இருட்டைப் பார்த்ததே இல்லை. "பழகிவிடும்மா" என்று நீ சொன்னாய். அன்றைக்கு நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு வெகுநேரம் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏனென்றால் அதே வார்த்தையை உன்னைப் பற்றி நான் சொல்லியிருக்கிறேன். தோ பாயோ லோரோங் 6 வீடு உனக்கு நினைவிருக்கும். ஜன்னலைத் திறந்தால் கீழே டிராகன் விளையாட்டுத் திடல். பகலெல்லாம் அதன் முதுகில் ஏறிச் சறுக்குவாய். ராத்திரியானால் அது எழுந்து மாடிப்படி ஏறி வருகிறது என்று அழுவாய். அப்போது உனக்கு நாலு வயது. நான் கல்லாங்கில் தையல் தொழிற்சாலையில் ஓவர்டைம் முடித்து வீடு வர பத்து மணி ஆகும். அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் இரவு ஷிப்ட். பாட்டிதான் உன்னைப் படுக்க வைப்பார். விளக்கைப் போடட்டுமா என்று பாட்டி கேட்டபோது நான்தான் வேண்டாம் என்றேன். கரண்டு பில்லும் ஒரு காரணம். ஆம்பளைப் பிள்ளை பயப்படக் கூடாது என்று நினைத்ததும் ஒரு காரணம். கதவைத் திறந்து உள்ளே வரும்போது நீ பாட்டியின் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவாய். உனக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஐயா, நான் அந்த விளக்கைப் போட்டிருக்க வேண்டும்.

சரி, விளக்குக்கு வருகிறேன்.

நம் புளோக்கில் ஆறாவது மாடியில் இருக்கிறாரே சீன அங்கிள், தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுப் பின்கட்டில் ஸ்க்ரோல் சா என்று பலகை அறுக்கும் ஒரு மெஷின் வைத்திருக்கிறார். முதல் முறை பார்த்ததுமே என் கை அதைத் தெரிந்துகொண்டது. தையல் மெஷின் மாதிரியேதான் இருக்கிறது. மேலே ஒரு கை, கீழே ஒரு கை. ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து அங்குல நீளத்துக்கு நூல் மாதிரி ஒரு ப்ளேடு மேலும் கீழும் ஓடுகிறது. ப்ளேடு இருந்த இடத்தைவிட்டு நகராது, பலகையைத்தான் நாம் திருப்ப வேண்டும். இருபத்திரண்டு வருஷம் சட்டைக் காலரைத் திருப்பித் திருப்பித் தைத்தவளுக்கு இது புது வேலையாகத் தோன்றவில்லை.

ஆனால் ஒன்று புதிது. துணியை நேராகத் தள்ளினால் தையல் நேராக வரும். இங்கே பலகையை நேராகத் தள்ளினால் வெட்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. ப்ளேடு செய்யும்போதே அதன் ஒரு ஓரத்தில் மெல்லிய பிசிர் தங்கிவிடுமாம், அந்தப் பக்கம் அதிகமாக அறுக்குமாம். அதனால் பலகையைக் கொஞ்சம் சாய்த்தே தள்ள வேண்டும். எவ்வளவு சாய்ப்பது என்பதைக் கைதான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. நான் அவசரப்படும்போதெல்லாம் அங்கிள் பக்கத்தில் நின்று "பெலான் பெலான்", மெதுவாக மெதுவாக, என்பார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. எங்கள் தலைமுறைக்கு அந்தப் பாசார் மலாய் போதும்.

ப்ளேடை மாட்டியதும் விரலால் சுண்டிப் பார்க்கச் சொன்னார். தொளதொளவென்று ஒலித்தால் இன்னும் இறுக்க வேண்டும். தம்புராக் கம்பி மாதிரி கணீரென்று ஒலித்தால் சரி. தளர்ந்த ப்ளேடு வளைந்துவிடும். அப்போது இரண்டு பலகையை அடுக்கி அறுத்தால், மேல் பலகையில் கோடு சரியாக இருந்தாலும் அடிப் பலகையில் கோணலாகிவிடும்.

கூண்டில் என்ன உருவம் அறுப்பது என்று ரொம்ப யோசித்தேன். மயில் வரைந்து பார்த்தேன், ஆர்க்கிட் பூ வரைந்து பார்த்தேன். மனம் ஒட்டவில்லை. கடைசியில் பாட்டி காரிடாரில் தினமும் போடுவாரே, ஐந்து புள்ளி ஐந்து வரிசைக் கம்பிக் கோலம், அதை எடுத்தேன். எல்லாக் கம்பியும் ஒன்றையொன்று கடந்து போகும் சாதாரணக் கோலம்தான். அதைத் தாண்டித்தான் நீ தினமும் பள்ளிக்கூடம் போனாய்.

கோலத்தை மரத்தில் அறுப்பது எவ்வளவு யோசனை கேட்கும் வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. கம்பியையே அறுத்து எடுத்தால் நடுவில் இருக்கும் துண்டுகள் எல்லாம் பிடிமானம் இல்லாமல் கீழே விழுந்துவிடும். அதனால் கம்பியை மரமாக விட்டுவிட்டு, கம்பிக்கு நடுவில் இருக்கும் வெற்றிடத்தை அறுத்து எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் புள்ளி போய்விடும். புள்ளி இல்லாமல் ஒரு கோலமா என்று எனக்கு மனசே வரவில்லை. பிறகு டிரிலைக் கையில் எடுத்தபோதுதான் புரிந்தது. நடுவில் இருக்கும் துண்டை அறுக்க ப்ளேடை உள்ளே நுழைக்க வேண்டும், அதற்கு முதலில் ஒரு துளை போட வேண்டும். அந்தத் துளையைப் பாட்டி புள்ளி வைத்த இடத்திலேயே போட்டேன். கோலமும் புள்ளியில்தானே தொடங்குகிறது. ஒன்றரை மில்லிமீட்டர் துளை, வரிசைக்கு ஐந்து. பாட்டி மாவைக் கிள்ளி வைப்பது போலவே மேலிருந்து கீழே வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்தேன்.

முதல் பலகை வீணானது. மூன்று நாள் உட்கார்ந்து ஒரு கம்பியும் உடையாமல் அறுத்தேன். கடைசியாகச் சுற்று வெட்டை முடித்தேன், கோலம் முழுவதும் சட்டத்தை விட்டுக் கழன்று என் கையில் வந்துவிட்டது. கோலத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே பிடிப்பு வைக்கவே எனக்குத் தோன்றவில்லை. அங்கிள் பென்சிலை எடுத்து, ஓரத்துச் சுழி ஒவ்வொன்றும் சட்டத்தைத் தொடும்படி இழுத்துக் காட்டினார். பக்கத்துக்கு ஐந்து, மொத்தம் இருபது இடத்தில் இப்போது கோலம் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கழன்று வந்த அந்தக் கோலத்தைச் சாமி மாடத்தில் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது பலகை வேறு விதமாகப் போனது. ஒரு கடையில் வாங்கிய ப்ளைவுட், பார்க்க நன்றாக இருந்தது. உள் அடுக்கில் இடைவெளி இருந்திருக்கிறது. அறுக்க அறுக்க அங்கங்கே பொத்தல். அப்புறம் அங்கிள் தன்னிடம் இருந்த பிர்ச் ப்ளைவுட்டைக் கொடுத்தார், மூன்று மில்லிமீட்டர். நல்ல மரமாக இல்லாமல் ஏன் ப்ளைவுட் என்று அப்பா கேட்டார். முழு மரத்தில் ரேகை ஒரே திசையில் ஓடும். நாலு மில்லிமீட்டர் அகலக் கம்பி அந்த ரேகைக்குக் குறுக்கே வரும் இடத்தில் சட்டென்று முறிந்துவிடும். ப்ளைவுட்டில் ஒரு அடுக்கு நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் ஒட்டியிருப்பதால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு அடுக்கு தாங்கிக்கொள்ளும். இன்னொன்று, இந்த ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம், உன் ஊர்க் கோடையில் வறட்சி. முழு மரம் அங்கே வந்து சுருங்கி வெடிக்கும். ப்ளைவுட் அவ்வளவு ஆட்டம் காட்டாது.

ஒரு பலகைக்கு 61 துளை. புள்ளிகள் 25, நாலு புள்ளிக்கு நடுவே வரும் இடம் 16, ஓரத்தில் சட்டத்தை ஒட்டி 20. இரண்டிரண்டு பலகையாக டேப் ஒட்டி அடுக்கி அறுத்ததால் நாலு பலகைக்கும் சேர்த்து 122 தடவை ப்ளேடைக் கழற்றி, துளைக்குள் கோத்து, மறுபடி இறுக்கி, அறுத்தேன். ஊசியில் நூல் கோப்பதைவிடப் பொறுமை வேண்டும். நடுவில் இருக்கும் சின்னத் துண்டுகளை முதலில் எடுத்துவிட்டு, ஓரத்துக்குக் கடைசியில் வர வேண்டும். ஓரத்தை முதலில் அறுத்தால் பலகை ஆடும். காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை மட்டும்தான் அறுப்போம், பக்கத்து வீட்டுக் குழந்தை மத்தியானம் தூங்கும். மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டேன். நீ கவலைப்படாதே.

அப்பா பங்கு உப்புத்தாள். 220 நம்பர் தாளைக் குச்சியில் சுற்றி ஒவ்வொரு ஓட்டையின் உள் விளிம்பையும் தேய்த்தார். பாப்பா விரல் விட்டுப் பார்ப்பாள் என்று எனக்கு முன்னால் அவருக்குத் தோன்றியது. மேலே வார்னிஷ் எதுவும் இல்லை, தேன்மெழுகு மட்டும் தேய்த்திருக்கிறது.

விளக்கைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. உள்ளே இருப்பது யூஎஸ்பி எல்இடி, ஐந்து வோல்ட். அங்கே பிளக் முனை வேறு மாதிரி சாய்ந்திருக்கும் என்பதால் இதை வாங்கினேன், உன் போன் சார்ஜரிலேயே செருகிவிடலாம். பழைய குண்டு பல்பு எதையும் மாட்டாதே. அது சூடாகும், சுற்றிலும் மரமும் தாளும் இருக்கிறது. வெளிச்சம் மஞ்சள், 2700 கெல்வின். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் தூக்கம் வருவதைத் தள்ளிப்போடும், அதையும் மாற்றாதே.

நாலு பக்கத்தில் மூன்றின் உள்ளே ட்ரேசிங் பேப்பர் ஒட்டியிருக்கிறேன். அந்தப் பக்கமெல்லாம் வெளிச்சம் மெதுவாகக் கசியும். நாலாவது பக்கத்தில் தாள் கிடையாது. முதலில் அதற்கும் ஒட்டினேன். ராத்திரி அறையில் வைத்துப் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது, ஆனால் சுவரில் ஒன்றுமே விழவில்லை. தாள் வெளிச்சத்தைக் கலைத்துவிடுகிறது. தாளைக் கிழித்தேன். அவ்வளவுதான், பாட்டியின் கோலம் சுவரில் வந்து நின்றது. அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

அந்தத் திறந்த பக்கம் சுவரைப் பார்த்து இருக்கட்டும், பாப்பா கண்ணில் நேராகப் படக் கூடாது. சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வை. முக்கால் மீட்டர் அகலத்துக்குக் கோலம் விரியும். கிட்டே நகர்த்தினால் சின்னதாகவும் கூர்மையாகவும் விழும், தள்ளி வைத்தால் பெரிதாகி மங்கும். எது வேண்டும் என்று அவளே நகர்த்திப் பார்க்கட்டும். வயரை மட்டும் கட்டிலுக்குப் பின்னால் விட்டுவிடு.

மருமகளிடம் சொல், ஓட்டைகளில் தூசி சேரும், பழைய பல்துலக்கும் பிரஷ் போதும், ஈரத்துணி வேண்டாம்.

பாப்பாவிடம் சுவரில் எத்தனை வெளிச்சம் இருக்கிறது என்று எண்ணச் சொல். ஒரு பக்கத்துக்கு 61 இருக்க வேண்டும். எந்த எண்ணில் தூங்கிப்போனாள் என்று அன்றைக்கே எனக்குப் போன் செய். அங்கேயும் இங்கேயும் ஒரே மணிதானே, நான் விழித்திருப்பேன்.

அன்புடன்
அம்மா