பி.டி. பீரியடில் பாட்டில் காவல்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

பள்ளி விளையாட்டு விழாப் படங்களை விடாமல் வெளியிடுகிறீர்கள். அந்தப் படங்களில் வராத ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பேத்திக்கு ஒன்பது வயது, டவுன் சிண்ட்ரோம்; உடல், அறிவு வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் பிறவிக் குரோமோசோம் மாற்றம் அது. பி.டி. பீரியட் வந்தால் அவளுக்கு ஒரே வேலைதான்: வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் தண்ணீர் பாட்டிலுக்குக் காவல். "விழுந்துட்டா யாரு சார் பதில் சொல்றது?" என்கிறார் மாஸ்டர். அவரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இந்தப் பிள்ளைகளுக்குத் தசை தளர்வு, மூட்டும் இளகியிருக்கும். தரையிலிருந்து எழுவதற்குப் பேத்தி இரண்டு காலையும் பக்கவாட்டில் அகல விரித்து, நெஞ்சைத் தரைவரை சாய்த்து, கையூன்றி எழுவாள். "என்னமா வளையுது, பரதநாட்டியத்துல சேர்த்துவிடுங்க" என்பார்கள் உறவினர்கள். உண்மையில் இடுப்பில் வலு இல்லாததால் உடம்பு கண்டுபிடித்த குறுக்குவழி அது. முட்டி போட்டு, ஒரு காலை முன்னே ஊன்றி எழப் பழக்கினார் பிசியோதெரபிஸ்ட். ஆறு மாதம் பிடித்தது.

வாயால் சொன்னால் ஏறாது. செய்து காட்டினால் பிடித்துக்கொள்வாள். மொட்டைமாடியில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட்டேன். முதலில் கட்டம் கட்டமாக நடை, அப்புறம் இரண்டு காலால் குதி. ஒற்றைக்கால் இன்னும் வரவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டம் தாண்டுகிறாள். எழுபது வயதில் எனக்கும் அவ்வளவுதான் வருகிறது.

எச்சரிக்கையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிப்பு தளர்ந்திருக்கும். குட்டிக்கரணமெல்லாம் டாக்டரைக் கேட்காமல் கூடாது. ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு உண்டு. சரி, அதற்கும் பாட்டில் காவலுக்கும் என்ன சம்பந்தம்?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 16-ஆம் பிரிவில், அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் விளையாட்டிலும் இவர்களுக்குச் சமவாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. ஒரு பிசியோதெரபிஸ்டை அழைத்து, சென்னைப் பள்ளிகளின் பி.டி. மாஸ்டர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால் போதும். எதைச் செய்யக் கூடாது என்பதோடு எதையெல்லாம் செய்யலாம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

போன வாரம் பேத்தி அந்த பாட்டில்களை இடைவெளி விட்டு வரிசையாக நிறுத்தி, நடுவே வளைந்து வளைந்து நடந்தாளாம். மாஸ்டர் அதட்டி உட்கார வைத்துவிட்டார்.

ஒரு தாத்தா,
பெரம்பூர், சென்னை