அந்த அஞ்சு காசு ஸ்டாம்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் தத்துவப் பேராசிரியர் பீட்டர் சிங்கரைப் பற்றி வந்த கட்டுரையில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். பசியில் சாகிறவர்களுக்கு உதவுவது கடமை என்று வாதிடும் அவருடைய பழைய கட்டுரையை, ஆப்பிரிக்கப் பஞ்சத்தைப் பார்த்து எழுதியதாகப் போட்டிருக்கிறீர்கள். ஆப்பிரிக்கா இல்லை, கிழக்கு வங்கம், இன்றைய வங்கதேசம். 1971 நவம்பரில் சோறும் கூரையும் மருந்தும் இல்லாமல் அங்கே ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் அந்தக் கட்டுரையே தொடங்குகிறது. வறுமை போதாதென்று புயலும் உள்நாட்டுப் போரும் சேர்ந்து 90 லட்சம் பேரை அகதிகளாக்கியிருந்தன. 1972-இல் அது அச்சானபோது மெல்போர்னில் பிறந்த சிங்கருக்கு வயது 25. ஆஸ்திரேலியா கொடுத்த உதவி, சிட்னியில் எழும்பிக்கொண்டிருந்த ஓபரா அரங்கின் செலவில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை என்று சொந்த நாட்டையும் அதில் குத்திக்காட்டியிருந்தார்.

அந்த நவம்பர் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது 13 வயது. எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்தை அப்பா நடத்தினார். வீட்டுத் திண்ணைதான் ஆபீஸ். அகதிகள் நிவாரணத்துக்காகக் கவரில் கூடுதலாக 5 காசு ஸ்டாம்பு ஒட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவசரத்தில் தனி ஸ்டாம்புகூட அடிக்கவில்லை. இருந்த குடும்பக் கட்டுப்பாட்டு ஸ்டாம்பின் மேலேயே எழுத்தைக் குத்தி அனுப்பிவிட்டார்கள். அதை வைத்து ஊரில் நடந்த கிண்டலை இங்கே எழுத முடியாது. "எங்கேயோ இருக்கிற வங்காளத்தானுக்கு நான் ஏன் அஞ்சு காசு அழணும்?" என்று ஒரு பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டார். அப்பா தர்மம், புண்ணியம் என்றெல்லாம் பேசவில்லை. "இது தர்மம் இல்ல மாமா, ஒட்டித்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டு பசைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார்.

சிங்கர் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். நாம் கொடுத்தால் தர்மம், கொடுக்காவிட்டால் தப்பில்லை என்று நினைக்கிறோம். அவரோ, நமக்குப் பெரிய நஷ்டம் இல்லாமல் ஒரு சாவைத் தடுக்க முடியும் என்றால் தடுப்பது கடமை, தடுக்காதது தப்பு என்கிறார். குளத்தில் குழந்தை முழுகிக்கொண்டிருக்கும்போது உடுப்பில் சேறு படுமே என்று யாராவது கரையில் நிற்பார்களா? அந்தக் குழந்தை கண்ணெதிரே இல்லாமல் கடல் தாண்டி இருந்தால் மட்டும் கணக்கு எப்படி மாறும்? உங்கள் கட்டுரையாளர் இந்தக் குளத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டு, மீதி இடத்தையெல்லாம் கறி சாப்பிடலாமா கூடாதா என்பதற்குக் கொடுத்துவிட்டார். 1975-இல் வந்த அவருடைய 'விலங்கு விடுதலை' பெரிய புத்தகம்தான், மறுக்கவில்லை. ஆனால் கெளுத்திக் குழம்பை விடாத என்னைப் போன்றவர்களுக்கும் அந்த மனிதரிடம் கேட்டுக்கொள்ள விஷயம் இருக்கிறது.

குளம் என்பது எனக்கு உதாரணம் இல்லை. அப்பாவுக்குப் பிறகு அந்த ஆபீஸை நான்தான் பார்த்தேன். ஒரு வருஷம், மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வந்து சேர்ந்த அன்று, மதகில் புதுத் தண்ணி பார்க்க ஓடிய பிள்ளைகளில் ஒன்று வழுக்கி உள்ளே போய்விட்டது. முதியோர் பென்ஷன் மணியார்டர் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தவள் அப்படியே இறங்கிவிட்டேன். பிள்ளை பிழைத்தது. நனைந்த நோட்டுகளை முறத்தில் பரப்பி நிழலில் காய வைத்து, மறுநாள் பட்டுவாடா செய்தேன். அதில் ஒரு நோட்டைச் செல்லாது என்று ஒரு கிழவி திருப்பிக் கொடுத்துவிட்டாள், அது தனிக் கதை. ஊரில் யாரும் அதைத் தர்மம் என்று சொல்லவில்லை. பிள்ளையின் ஆத்தாவே, "பாத்துக்கிட்டு நிக்கவா முடியும்?" என்றுதான் சொன்னார்.

மறுபக்கத்திலும் நின்றிருக்கிறேன். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையேறியபோது எங்கள் தெருவில் ஓடு நின்ற வீடு இரண்டோ மூன்றோதான். நிவாரண வண்டிகள் மெயின் ரோட்டிலேயே காலியாகித் திரும்பின. நாங்கள் உள்ளே நாலு கிலோமீட்டர். நாலாம் நாள் ஈரோட்டுப் பக்கத்துப் பையன்கள் சிலர் மட்டும், விழுந்த மரங்களை வெட்டி வழி எடுத்துக்கொண்டு, பால் பவுடரும் மெழுகுவத்தியும் போர்வையுமாக வந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்க இளநீர்தான் இருந்தது. அந்த வாரம் அதற்கு மட்டும் பஞ்சமில்லை.

எட்ட இருப்பது ஒரு காரணமே இல்லை என்று சிங்கர் சொல்லும்போது எனக்கு மைல் கணக்கு தோன்றுவதில்லை. அந்த நாலு கிலோமீட்டர்தான் தோன்றுகிறது. 300 கிலோமீட்டர் தாண்டி வந்த உதவிக்கு, கடைசி நாலைத் தாண்டத் தெம்பில்லை. கொடுத்த பணம் எந்த அமைப்பு வழியாகப் போனால் எத்தனை உயிர் பிழைக்கும் என்று அவர் கணக்குப் பார்ப்பதை 'ஈரமில்லாத கணக்குப்பிள்ளைத்தனம்' என்கிறது உங்கள் கட்டுரை. அந்தக் காலத்தில் மணியார்டர் அனுப்பியவருக்கு, வாங்கியவரின் கைநாட்டோடு ஒப்புகைச் சீட்டு திரும்பிப் போகும். அது வருகிறதா என்று எத்தனை தாய்மார்கள் கேட்டு வந்திருக்கிறார்கள்! அவர்களுக்கா ஈரமில்லை? 2021-இல் பெர்க்ரூன் என்ற தத்துவப் பரிசாகக் கிடைத்த 10 லட்சம் டாலரையும் சிங்கர் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. பாதி, ஏழைகளுக்கு உதவுவதற்காக அவரே தொடங்கிய அமைப்புக்குப் போனது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல், பண்ணைகளில் அடைபட்ட விலங்குகளுக்காக வேலை செய்பவர்களுக்குப் போனது.

இவ்வளவு சொன்னதால் அவர் பக்தை என்று நினைத்துவிட வேண்டாம். கடும் ஊனத்தோடு பிறக்கும் சிசுவின் உயிரை முடித்துவிடப் பெற்றோருக்குச் சில சமயம் உரிமை உண்டு என்று எழுதியவரும் அவர்தான். 1999-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக எடுத்தபோது சக்கர நாற்காலிக்காரர்கள் வாசலில் மறியல் செய்தார்கள். பிறவியிலேயே தசை நலிவு நோய் உள்ள வழக்கறிஞர் ஹேரியட் மெக்பிரைட் ஜான்சன், 2002-இல் அங்கேயே போய் அவரோடு வாதாடினார். என் அக்கா மகனுக்குப் பேச்சு கிடையாது, தானாக எழுந்து உட்காரவும் வராது. 31 வருஷம் இருந்தான். நான் முத்திரை குத்தும் 'டொக்' சத்தத்துக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சிரிப்பான். பட்டுவாடாவே இல்லாத நாளில்கூட அவனுக்காக வெறும் காகிதத்தில் குத்தியிருக்கிறேன். அந்த விஷயத்தில் சிங்கரின் தராசு எனக்கு வேண்டாம். குளத்தைச் சொன்னவர், கரையில் நின்று 'இந்தப் பிள்ளை எப்படிப்பட்ட பிள்ளை' என்று முதலில் விசாரிக்கலாமா? இந்த எதிர்ப்புகளைப் பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒரு வரி இல்லை. புகழ்ந்தாலும் திட்டினாலும் முழு ஆளைக் காட்டியிருக்கலாம்.

திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். அந்த 5 காசு ஸ்டாம்பு ஒட்டிய கவர் ஒன்று அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. வேண்டுமானால் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அசலைத் தர மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை அஞ்சல் அதிகாரி ஒருத்தி,
திருத்துறைப்பூண்டி வட்டம்.